வளரும் ஊரில் குடியிருப்பு மனையின் குறைந்தபட்ச அளவை நிர்ணயிப்பது எப்படி?

ஊரின் விளிம்பில் இருக்கும் வெற்று நிலம் மனைகளாகப் பிரிக்கப்படும்போது, ஒரு மனை எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்ற கேள்விக்கு விதிப்புத்தகத்தில் ஏதோ ஓர் எண் விடையாக இருக்கும். அந்த எண் வேறோர் ஊரின் விதிகளிலிருந்து அப்படியே எடுத்து எழுதப்பட்டதாகவோ, பல ஆண்டுகளுக்கு முன் யாரோ முழு எண்ணாக இருக்கட்டும் என்று வைத்ததாகவோ இருப்பதுதான் வழக்கம். ஆனால் ஊரில் யார் வீடு கட்ட முடியும், குழாயும் சாலையும் எவ்வளவு தூரம் நீள வேண்டும், கிணற்று நீர் குடிக்கத்தக்கதாக நீடிக்குமா என்பவற்றையெல்லாம் அந்த ஓர் எண்தான் பெருமளவுக்குத் தீர்மானிக்கிறது. நகரமைப்புப் பணிக்குப் புதிதாக வந்த அலுவலர்களுக்கும், மன்றத்துக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கும், திட்டக் குழுவில் இடம்பெற்றுள்ள பொதுமக்களுக்கும் அந்த எண்ணைக் காரணத்தோடு கண்டடையும் முறையை இங்கே விளக்குகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கட்டடத்தை இடித்துவிட்டு வேறொன்று கட்டலாம், சாலையை அகழ்ந்து மறுபடி போடலாம், ஆனால் மனையின் எல்லைக்கோடு அதன்மேல் எழும் பல கட்டடங்களைத் தாண்டியும் நிற்கும். சிறு மனைகளை ஒன்றுசேர்க்கப் பல உரிமையாளர்கள் ஒரே நேரத்தில் இணங்க வேண்டும். பெரிய மனையைப் பிரிப்பது எளிது என்று தோன்றினாலும், அதன் நட்ட நடுவில் வீடு கட்டப்பட்டுவிட்டால் பிரிக்க வழியே இருக்காது. ஆகவே இரு பக்கமும் தவறு நேரக்கூடும், இரண்டையும் பின்னால் திருத்துவது கடினம்.

முதல் படி: எதற்காக என்பதை எழுதிக்கொள்ளுங்கள்

எண்ணைத் தேடும் முன் காரணங்களைத் தாளில் எழுதுங்கள். கழிவுநீரை மண் ஏற்க வேண்டும், கிணறு மாசுபடக் கூடாது, தீயணைப்பு வண்டி வீட்டை அணுக வேண்டும், அறைகளுக்குள் வெளிச்சமும் காற்றும் வர வேண்டும், மழைநீர் பக்கத்து மனைக்குள் பாயாமல் வடிய வேண்டும், சரிவான நிலம் வெட்டப்பட்டுச் சரியக் கூடாது. இவை ஒவ்வொன்றும் அளந்து பார்க்கக்கூடிய காரணம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஓர் அளவு கிடைக்கும். "ஊரின் தன்மையைக் காக்க" என்று யாராவது சொன்னால், எந்தத் தன்மை, அதை மனையின் பரப்பு எப்படிக் காக்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். மரங்கள் வேண்டுமென்றால் மரங்களுக்கென விதி எழுதலாம், உயரம் உறுத்துகிறதென்றால் உயரத்துக்கு வரம்பு வைக்கலாம். அவற்றுக்காக மனையைப் பெரிதாக்குவது நோக்கத்தை நிறைவேற்றாமலேயே ஏழைகளை வெளியே நிறுத்திவிடும்.

நீதிமன்றங்களும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஈஸ்ட்டவுன் என்ற ஊர் ஒரு பகுதிக்கு நான்கு ஏக்கரைக் குறைந்தபட்ச மனையாக வைத்திருந்தது. கழிவுநீர், சாலை நெரிசல், பழைய சூழலைப் பேணுதல் எனக் காரணங்கள் சொல்லப்பட்டன. 1965-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. மக்கள்தொகை வளர்ச்சி கொண்டுவரும் சுமைகளைத் தவிர்ப்பதற்காகவே மண்டல விதியை, அதாவது ஊரைப் பகுதிகளாகப் பிரித்து எங்கே என்ன, எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் விதியை, பயன்படுத்த முடியாது என்பது அதன் நிலைப்பாடு. 1975-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் மவுண்ட் லாரல் வழக்கில் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. வளர்ந்துவரும் ஊர்கள் தம் வட்டாரத்தின் எளிய, நடுத்தர வருவாய்க் குடும்பங்களுக்கான வீட்டுத் தேவையில் தமக்குரிய நியாயமான பங்குக்கு நில விதிகளில் இடம் அளிக்க வேண்டும் என்று அது தீர்ப்பளித்தது. உங்கள் ஊருக்கு அந்தச் சட்டங்கள் பொருந்தாமல் இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதும் காரணப் பட்டியல் அத்தகைய ஒரு விசாரணையில் நிற்குமா என்று உங்களையே கேட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

இரண்டாம் படி: இருக்கும் மனைகளை அளந்து பாருங்கள்

நில அளவைப் பதிவேடுகளிலிருந்து ஊரின் எல்லாக் குடியிருப்பு மனைகளின் பரப்பையும் சாலை முகப்பு அகலத்தையும் எடுத்துச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்துங்கள். சராசரியை நம்ப வேண்டாம், விளிம்பில் இருக்கும் சில பெரிய நிலங்கள் அதை மேலே தூக்கிவிடும். வரிசையின் நடுவில் நிற்கும் மனை எவ்வளவு, அடியிலிருந்து பத்தில் ஒரு பங்கு முடியும் இடத்தில் எவ்வளவு என்று பாருங்கள். அதன்பின் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் எண்ணை அந்த வரிசையின்மேல் வைத்து, அதற்குக் கீழே எத்தனை மனைகள் விழுகின்றன என்று எண்ணுங்கள்.

இந்தக் கணக்கைப் போடாத ஊர்களின் விதிப்புத்தகம் காலப்போக்கில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சோமர்வில் நகரம் எடுத்துக்காட்டு. சுமார் 80,000 பேர் வாழும் அந்த நகரில், மனைப் பரப்பு, கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி, உயரம் முதலிய அன்றைய மண்டல விதிகள் அனைத்துக்கும் உட்பட்டிருந்த குடியிருப்பு மனைகள் 22 மட்டுமே என்று அந்நகரத் திட்டமிடல் அலுவலர்களே கண்டறிந்தார்கள். மக்கள் விரும்பி வாழ்ந்த ஊர் முழுவதையும் அதன் சொந்த விதிகளின்படி மறுபடி கட்ட முடியாத நிலை அது. 2019-ல் அங்கே புதிய மண்டல விதிகள் ஏற்கப்பட்டன.

உங்கள் ஊரில் மக்கள் நடந்து போக விரும்பும் பழைய தெருக்கள் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள மனைகளை நாடாவைக் கொண்டு நேரில் அளந்து வாருங்கள். காகிதத்தில் மிகச் சிறியதாகத் தோன்றும் ஓர் எண், அந்தத் தெருவில் நிற்கும்போது போதுமானதாகத் தெரியும். திட்டக் குழுவின் விவாதத்தில் இந்த அளவுகள்போல் பயன்படும் சான்று வேறில்லை.

மூன்றாம் படி: கழிவுநீர் எங்கே போகிறது?

மற்ற காரணங்களை இடைவெளி, வடிவமைப்பு விதிகள் மூலமும் ஓரளவு சமாளிக்கலாம். கழிவுநீரை அப்படிச் சமாளிக்க முடியாது. பாதாளச் சாக்கடை உள்ள பகுதிக்கும் இல்லாத பகுதிக்கும் ஒரே குறைந்தபட்ச அளவை வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை என்று நான் கருதுகிறேன். ஆகவே ஊரின் வரைபடத்தை மூன்றாகப் பிரியுங்கள்: சாக்கடையும் குழாய்க் குடிநீரும் உள்ள பகுதி, குழாய்க் குடிநீர் மட்டும் உள்ள பகுதி, இரண்டும் இல்லாமல் செப்டிக் டேங்கும் கிணறும் ஒரே மனைக்குள் இருக்க வேண்டிய பகுதி.

செப்டிக் டேங்கில் திடப்பொருள் தங்கிவிட, தெளிந்து வெளியேறும் நீரை மண்ணுக்குள் பரப்பி உறிஞ்சவைக்கும் படுகை ஒன்று தேவை. அதன் பரப்பு மண்ணைப் பொறுத்தது. ஒரு குடும்பம் நாளுக்கு 600 லிட்டர் கழிவுநீரை வெளியேற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் மண் நாளுக்கு 20 லிட்டரை ஏற்குமானால் 30 சதுர மீட்டர் படுகை போதும். களிமண் கலந்த, 8 லிட்டரை மட்டுமே ஏற்கும் மண்ணாக இருந்தால் 75 சதுர மீட்டர் தேவைப்படும். முதல் படுகை ஒருநாள் அடைத்துக்கொள்ளும் என்பதால் அதே அளவு இடத்தை மாற்றுப் படுகைக்காகக் கட்டடமின்றி ஒதுக்கி வைக்க வேண்டும். இவற்றோடு வீட்டின் அடித்தளத்திலிருந்தும் மனை எல்லையிலிருந்தும் விட வேண்டிய தூரங்களைச் சேர்த்தால், அந்த மண்ணுக்கு உரிய குறைந்தபட்ச மனை தானாகவே வெளிப்படும். மண் உறிஞ்சும் வேகத்தை நிலத்தில் குழி தோண்டி நீர் ஊற்றிச் சோதிக்கலாம். நிலத்தடி நீர் மிக உயர்ந்திருக்கும் பருவத்தில் அந்த மட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வறண்ட மாதத்தில் மட்டும் செய்த சோதனை ஏமாற்றிவிடும்.

கிணறும் அதே மனைக்குள் இருந்தால் கணக்கு முற்றிலும் மாறிவிடும். கிணற்றுக்கும் உறிஞ்சு படுகைக்கும் இடையே 30 மீட்டர் இருக்க வேண்டும் என்று பல நாடுகளின் விதிகள் கேட்கின்றன. 30 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 2,830 சதுர மீட்டர். உங்கள் படுகை மட்டுமன்றி, அண்டை வீட்டாரின் படுகையும் அந்த வட்டத்துக்குள் வரக் கூடாது. இத்தகைய பகுதிகளில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று மனைகள் விரிவதற்கு இதுவே காரணம், இது நியாயமான காரணமும்கூட. இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. விளிம்புப் பகுதிக்குச் சாக்கடையைக் கொண்டுபோகப் பணமில்லாத ஊர், குடிநீர்க் குழாயை மட்டும் முதலில் கொண்டுபோனாலே பாதுகாப்பான குறைந்தபட்ச மனையை வெகுவாகக் குறைத்துவிடலாம்.

ஒரு தனி மனையில் கணக்கு சரியாக வந்தாலும், நூறு மனைகள் சேரும்போது வரும் இன்னொரு சிக்கலையும் மறந்துவிடக் கூடாது. மண் நோய்க்கிருமிகளைப் பெருமளவு வடிகட்டிவிடும், ஆனால் கழிவுநீரிலிருந்து உருவாகும் நைட்ரேட்டை அதே அளவுக்குத் தடுக்காது, அது நிலத்தடி நீரோடு கலந்து நகரும். குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு வரம்பு. ஆகவே சாக்கடை இல்லாத பகுதியில் மனையின் அளவோடு, ஒரு ஹெக்டேருக்கு மொத்தம் எத்தனை வீடுகள் என்பதற்கும் வரம்பு தேவை. இந்த ஒரு கேள்விக்கு நிலத்தடி நீர் வல்லுநரின் அறிக்கையைப் பெறச் செலவிடும் பணம் வீணாகாது.

நான்காம் படி: உள்ளிருந்து வெளியே வரையுங்கள்

சாக்கடை வசதியுள்ள பகுதிகளில் மண் விதிக்கும் எல்லை நீங்கிவிடுகிறது. அங்கே, ஒரு குடும்பம் வாழத்தக்க வீட்டை முதலில் தாளில் வரைந்து, அதற்கு வேண்டிய காலி இடத்தைச் சுற்றிலும் சேர்த்து, கடைசியில் மனையின் கோட்டை வரையுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மனைப் பரப்பை ஒரு குழுவும் பக்க இடைவெளிகளை இன்னொரு குழுவும் முடிவு செய்ய, இரண்டும் சேர்ந்து என்ன ஆகிறது என்பதை யாரும் வரைந்து பார்ப்பதில்லை.

10 மீட்டர் முகப்பும் 15 மீட்டர் ஆழமும் கொண்ட 150 சதுர மீட்டர் மனையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் தலா 3 மீட்டர், பக்கங்களில் தலா 1.5 மீட்டர் விட்டால் கட்டுவதற்கு 7-க்கு 9, அதாவது 63 சதுர மீட்டர் கிடைக்கும். இரண்டு தளங்கள் எழுப்பினால் ஒரு குடும்பத்துக்குப் போதுமான வீடு. இப்போது அதே இடைவெளிகளை 6-க்கு 15 மீட்டர் கொண்ட 90 சதுர மீட்டர் மனைக்குப் பொருத்துங்கள். கட்டுவதற்கு 3 மீட்டர் அகலமும் 9 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு கீற்றுதான் மிஞ்சும். குறைந்தபட்ச மனை 90 சதுர மீட்டர் என்று விதிப்புத்தகம் சொன்னாலும், அந்த மனையில் யாரும் வீடு கட்ட முடியாது. பக்க இடைவெளியை நீக்கி, அடுத்தடுத்த வீடுகளின் சுவர்கள் தீத்தடுப்புச் சுவர்களாக ஒட்டி நிற்கலாம் என்று அனுமதித்தால், அதே மனையில் 6-க்கு 9, அதாவது 54 சதுர மீட்டர் கிடைக்கும்.

ஆகவே பக்க இடைவெளி, மனைப் பரப்பில் எத்தனை விழுக்காடு கட்டலாம் என்ற வரம்பு, தளப்பரப்பு குறியீடு (எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பை மனைப் பரப்பால் வகுத்தால் வரும் எண்), வாகன நிறுத்தத்துக்கான இடம் ஆகிய நான்கையும் ஒரே மேசையில் வைத்து, நீங்கள் முன்மொழியும் மிகச் சிறிய மனையின்மேல் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்திப் பாருங்கள். வாகன நிறுத்தம் பெரும்பாலும் கடைசியில்தான் நினைவுக்கு வரும். ஒரு காருக்கு ஏறத்தாழ 2.5-க்கு 5 மீட்டர், இரண்டு கார்கள் கட்டாயம் என்றால் 25 சதுர மீட்டர், அதாவது அந்த 90 சதுர மீட்டர் மனையில் கால் பங்குக்கும் மேல் போய்விடும். ஒட்டுச் சுவர் வீடுகளில் வெளிச்சமும் காற்றும் முன்னிருந்தும் பின்னிருந்தும் மட்டுமே வர முடியும் என்பதால், வீட்டின் ஆழம் கூடக்கூட உள்ளே ஒரு சிறு முற்றத்தையோ ஒளித்துளையையோ கட்டாயமாக்க வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: முகப்பு அகலத்துக்குத் தனி எண் வையுங்கள்

பரப்பைவிட முகப்பு அகலம்தான் ஊராட்சியின் கஜானாவைத் தொடுகிறது. தெருவின் இரு பக்கமும் வீடுகள் இருந்தால், 6 மீட்டர் முகப்புள்ள மனைக்குத் தெருவில் 3 மீட்டர் பங்கு. 12 மீட்டர் முகப்புக்கு 6 மீட்டர், 24 மீட்டர் முகப்புக்கு 12 மீட்டர். தார், குடிநீர்க் குழாய், சாக்கடை, மழைநீர் வடிகால், விளக்குக் கம்பம், குப்பை வண்டியின் ஓட்டம் என எல்லாமே அந்த நீளத்தின் விகிதத்தில்தான் வளர்கின்றன. மனைகளைப் பிரித்து விற்றவர் முதல் முறை மட்டுமே செலவழிக்கிறார். அதன்பின் பழுதுபார்ப்பும் மாற்றமும் ஊரின் தலையில் நிரந்தரமாக விழுகின்றன. எனவே ஒரே பரப்புள்ள மனைகளில் முகப்புக் குறுகி ஆழம் நீண்டவை ஊருக்குச் சிக்கனமானவை.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. முகப்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஆழம் நீண்டால், பின்பாதி பயன்படாமல் கிடக்கும், அல்லது நாளடைவில் முறையான வழியின்றி அங்கே இன்னொரு வீடு முளைக்கும். அப்படி முளைத்தே தீரும் என்று தெரிந்தால், தீயணைப்புக் குழாயை இழுத்துச் செல்லத்தக்க அகலமுள்ள வழியோடு உள்மனைகளை வெளிப்படையாக அனுமதிப்பதே நல்லது. அப்போது அந்த வழிப்பகுதியை மனையின் பரப்பில் சேர்க்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூலைமனைகளுக்கு இரு பக்கமும் சாலை இடைவெளி விட வேண்டியிருப்பதால் அவற்றுக்குச் சற்றுக் கூடுதல் அகலம் தேவைப்படும்.

நாடு முழுவதற்கும் ஓர் அடித்தளத்தை வைத்த பிரேசிலின் 1979-ஆம் ஆண்டு நிலப்பிரிவுச் சட்டம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: 125 சதுர மீட்டர் பரப்பு, 5 மீட்டர் முகப்பு. சமூக நலன் கருதிய குடியிருப்புகளுக்கு அதிலும் சிறியதை அது அனுமதிக்கிறது. அந்த எண்கள் உங்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. பரப்பும் முகப்பும் இரண்டு வெவ்வேறு கட்டுப்பாடுகள் என்பதை அந்தச் சட்டம் கண்டுகொண்டிருப்பதையே கவனிக்கச் சொல்கிறேன்.

ஆறாம் படி: யாருக்கு எட்டும் என்று கணக்கிடுங்கள்

10 ஹெக்டேர் நிலத்தில் சாலை, பூங்கா, பொதுப் பயன்பாடுகளுக்கு 35 விழுக்காடு போனால் மனைகளுக்கு மிஞ்சுவது 65,000 சதுர மீட்டர். 500 சதுர மீட்டர் மனை என்றால் 130 வீடுகள், 250 என்றால் 260, 100 என்றால் 650. அடுத்த 20 ஆண்டுகளில் ஊருக்கு எத்தனை புதிய குடும்பங்கள் வரும் என்ற மதிப்பீட்டை இந்த எண்களால் வகுத்தால், ஒவ்வொரு தெரிவும் எவ்வளவு விளைநிலத்தை விழுங்கும் என்பது கண்முன் வந்துவிடும். பேச்சாகச் சொல்லாமல் வரைபடத்தில் நிறம் தீட்டிக் காட்டுங்கள், மன்ற உறுப்பினர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

அதைவிட முக்கியமான கணக்கு குடும்பத்திலிருந்து தொடங்குகிறது. ஊரின் குடும்பங்களை வருவாயின்படி அடுக்கி, கீழ்ப்பாதியில் நிற்கும் ஒரு குடும்பம் வீட்டுக்கென மொத்தம் எவ்வளவு செலவிட முடியும் என்று பாருங்கள். அதிலிருந்து எளிய வீட்டின் கட்டுமானச் செலவைக் கழியுங்கள். மிஞ்சும் தொகையை, வசதிகள் செய்யப்பட்ட நிலத்தின் சதுர மீட்டர் விலையால் வகுத்தால், அந்தக் குடும்பம் வாங்கக்கூடிய மிகப் பெரிய மனை கிடைக்கும். உங்கள் குறைந்தபட்ச அளவு அதைவிடப் பெரியதென்றால், அந்தக் குடும்பங்களைச் சட்டபூர்வமான மனையிலிருந்து நீங்களே விலக்கியிருக்கிறீர்கள். அவர்கள் காணாமல் போய்விடுவதில்லை. அனுமதியற்ற மனைப்பிரிவுகளில் வடிகாலும் சாக்கடையும் இல்லாத இடத்தில் குடியேறுகிறார்கள். எந்தச் சுகாதாரக் கேட்டைத் தடுக்க விதி எழுதப்பட்டதோ, அதே கேடு ஊரின் எல்லைக்கு வெளியே பெருகுகிறது. இந்தக் கணக்கைப் போடாமல் ஒரு மன்றம் குறைந்தபட்ச மனை விதியை நிறைவேற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏழாம் படி: எண்களைத் தேர்ந்தெடுத்தல்

இப்போது உங்களிடம் ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் அளவு இருக்கும். ஒரு பகுதிக்குப் பொருந்தும் காரணங்களில் எது மிகப் பெரிய அளவைக் கேட்கிறதோ, அதுவே அந்தப் பகுதியின் குறைந்தபட்ச மனை. அதற்குமேல் ஒரு சதுர மீட்டர்கூடச் சேர்க்க வேண்டாம். பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூட்டிவைப்போம் என்ற எண்ணம் இயல்பாகவே வரும், ஆனால் அந்தக் கொஞ்சத்துக்கான விலையை மனை வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் தருகிறது. மண்டலங்களை வசதிகளின் அடிப்படையில் பிரியுங்கள், அண்டைப் பகுதிகளின் செல்வ நிலையின்படி பிரிக்காதீர்கள். மூன்று அல்லது நான்கு மண்டலங்களே போதும். வெள்ளம் புகும் நிலத்தையும் செங்குத்துச் சரிவுகளையும் பெரிய மனை விதியால் காக்க முயல வேண்டாம், பெரிய மனையிலும் வீடு அதே வெள்ளத்தில்தான் நிற்கும். அங்கே கட்டடம் கூடாது என்று நேராக எழுதிவிடுங்கள்.

வளைந்து கொடுக்கும் விதிகளும் உண்டு. ஒவ்வொரு மனைக்கும் ஒரே அளவை வைப்பதற்குப் பதில், மனைப்பிரிவின் சராசரி இவ்வளவு, எந்த மனையும் இதற்குக் கீழே போகக் கூடாது என்று இரண்டு எண்களை வைக்கலாம். அப்போது நிலத்தின் வடிவத்துக்கும் வாங்குவோரின் வசதிக்கும் ஏற்பப் பெரிதும் சிறிதுமாக மனைகள் அமையும். வீடுகளை ஒரு பக்கம் நெருக்கமாகக் கூட்டி, மிஞ்சும் நிலத்தைப் பொது வெளியாகவோ சாகுபடி நிலமாகவோ நிரந்தரமாக விடும் முறை, சாக்கடை உள்ள விளிம்புப் பகுதிகளுக்கு நன்கு பொருந்தும்.

சாக்கடை இன்னும் வராத, ஆனால் ஒருநாள் வரப்போகும் பகுதிக்கு ஒரு சிறப்பு ஏற்பாடு தேவை, இதைத்தான் பல ஊர்கள் தவறவிடுகின்றன. இன்று 2,000 சதுர மீட்டர் மனைகளை அனுமதிக்கும்போதே, பின்னால் அவை எப்படிப் பிரிக்கப்படும் என்று புள்ளிக்கோடுகளால் காட்டும் எதிர்கால வரைபடம் ஒன்றையும் விண்ணப்பத்தோடு கேளுங்கள். வீடு அந்தக் கோடுகளின்மேல் எழும்பக் கூடாது, எதிர்காலத் தெருவுக்கான கீற்றில் எதுவும் கட்டக் கூடாது. சாக்கடை வந்ததும் அந்த மனை நான்காகவோ ஐந்தாகவோ எவ்வித இடிப்பும் இல்லாமல் பிரியும். இது இல்லாவிட்டால், நகரம் சுற்றிலும் நெருங்கிய பிறகும் அந்தப் பகுதி பெரிய மனைகளாகவே உறைந்து நிற்கும்.

அளவைக் குறைக்கத் துணிந்த நகரங்களின் அனுபவத்தையும் பாருங்கள். ஹூஸ்டன் நகரம் 1998-ல், தன் உள்வட்டச் சாலைக்குள் இருந்த பகுதியில் 5,000 சதுர அடியாக இருந்த குறைந்தபட்ச மனையைச் சில நிபந்தனைகளோடு 1,400 சதுர அடி வரை குறைத்தது, 2013-ல் அதை மற்றப் பகுதிகளுக்கும் விரித்தது. ஒரு பெரிய மனையில் ஒரு பழைய வீடு இருந்த இடங்களில் இரண்டு, மூன்று ஒட்டு வீடுகள் எழுந்தன. மாற்றத்தை விரும்பாத தெருக்கள், போதுமான உரிமையாளர்கள் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால் தம் தெருவுக்கு மட்டும் பெரிய அளவைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்ற வழியும் அங்கே இருந்தது. எதிர்ப்பைத் தணிக்க அது உதவியது, ஆனால் அந்த வழியை அகலமாகத் திறந்துவிட்டால் சீர்திருத்தமே ஓட்டையாகிவிடும். ஆஸ்டின் நகர மன்றம் 2024-ல் 5,750 சதுர அடியை 1,800 ஆகக் குறைத்தது.

எட்டாம் படி: விதியை எழுதுதல்

பரப்பு எப்படி அளக்கப்படும் என்பதை முதலில் வரையறுங்கள். சாலைக்கு விட்ட பகுதி, வடிகால் செல்லும் பகுதி, பொதுவழி உரிமை உள்ள கீற்று ஆகியவை கணக்கில் சேருமா சேராதா என்று எழுதாவிட்டால், முதல் விண்ணப்பத்திலேயே தகராறு தொடங்கும். அளவையில் சில சென்டிமீட்டர் குறைந்ததற்காக ஒரு குடும்பம் பல மாதங்கள் அலையாமல் இருக்க, 3 அல்லது 5 விழுக்காடு வரையிலான குறைவை அலுவலரே ஏற்கலாம் என்று எழுதுங்கள்.

விதி வருவதற்கு முன்பே பதிவான சிறு மனைகளுக்கு வெளிப்படையான பாதுகாப்பு கொடுங்கள். அங்கே வீடு கட்டலாம், தீயிலோ வெள்ளத்திலோ அழிந்தால் அதே இடத்தில் மறுபடி கட்டலாம், அடமானம் வைக்கவும் விற்கவும் தடையில்லை என்று ஒரு பத்தி இருந்தால்தான் வங்கிகள் தயங்கமாட்டா. பாகப்பிரிவினையை மறந்துவிடாதீர்கள். தந்தையின் மனையை மூன்று பிள்ளைகள் பங்கிடும்போது ஒவ்வொரு பங்கும் குறைந்தபட்சத்துக்குக் கீழே போகும். தடை மட்டும் விதித்தால் அவர்கள் வாய்மொழியாகப் பிரித்துக்கொள்வார்கள், பதிவேடு உண்மையிலிருந்து விலகிவிடும். ஒரே மனையில் பங்குரிமையோடு தனித்தனி வீடுகள் கட்டிக்கொள்ள வழி வைப்பது நல்ல தீர்வு.

ஒன்பதாம் படி: மக்களிடம் கொண்டுசெல்லுதல்

வரைவை வெளியிடும்போது எண்ணோடு காரணத்தையும், இரண்டாம் படியில் எடுத்த மனை வரிசையையும், நான்காம் படியில் வரைந்த வீட்டுப் படங்களையும் சேர்த்து வெளியிடுங்கள். கூட்டத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே மனை உள்ளவர்கள். மனை தேடிக்கொண்டிருப்பவர்களும், வாடகையில் இருப்பவர்களும், இனிமேல் ஊருக்கு வரப்போகிறவர்களும் அந்த அறையில் இருப்பதில்லை. அவர்களுடைய கணக்கை ஆறாம் படியிலிருந்து எடுத்து முன்வைப்பது அலுவலரின் கடமை. விதி அமலுக்கு வரும் நாளை மிகத் தள்ளி வைக்காதீர்கள், இடைக்காலத்தில் பழைய விதியின்கீழ் விண்ணப்பங்கள் குவிந்துவிடும். முழுமையான விண்ணப்பம் எந்த நாளுக்குள் வந்திருந்தால் பழைய விதி பொருந்தும் என்பதையும் தேதியோடு எழுதிவிடுங்கள்.

பத்தாம் படி: பதிவும் மறுபார்வையும்

விதி அமலான நாள்முதல் நான்கு விவரங்களை ஆண்டுதோறும் பதிவுசெய்யுங்கள்: அனுமதி பெற்ற மனைகளின் பரப்பும் முகப்பும், விதிவிலக்குக் கேட்டு வந்த விண்ணப்பங்களின் எண்ணிக்கை, ஊர் எல்லைக்கு வெளியே தோன்றிய அனுமதியற்ற பிரிவுகள், சாக்கடை இல்லாத பகுதிகளில் கிணற்று நீரின் நைட்ரேட் அளவு. புதிய மனைகளில் பெரும்பாலானவை குறைந்தபட்சக் கோட்டின்மேலேயே வந்து ஒட்டி நின்றால், மக்கள் அதைவிடச் சிறியதைத் தேடுகிறார்கள் என்று பொருள். மனைகள் கோட்டுக்கு மேலே பரவலாக அமைந்தால் அந்த எண் யாரையும் தடுக்கவில்லை. ஒரே வகை விதிவிலக்கு மறுபடி மறுபடி வந்தால் தவறு விண்ணப்பதாரரிடம் இல்லை, விதியில் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், ஒரு பகுதிக்குச் சாக்கடையோ குடிநீரோ சென்றடையும் ஒவ்வொரு முறையும், அந்தப் பகுதியின் எண்ணை மூன்றாம் படியிலிருந்து மறுபடி கணக்கிட வேண்டும் என்பதை விதிக்குள்ளேயே ஒரு பிரிவாக எழுதி, அந்தப் பொறுப்பு எந்தப் பதவியில் இருப்பவருடையது என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள்.